அடங்காத பிள்ளைகள் தேவை

— எறிஞ்சுட்டேன் மிஸ். இப்போ பொறுக்கட்டுமா?

— லட்சணத்தைப் பார்த்தீங்களா வார்டனம்மா? தட்டை எறிஞ்சுட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நிக்குது. டாக்டர் வந்து பார்த்தா நமக்குத்தான் வைத்தியம் பார்ப்பார்.

— நான் என்ன செய்ய சார்? வந்த நாள்லேர்ந்து பிரம்பும் கையுமா அடக்கி வெச்சாச்சு. இப்போ திடீர்னு அடங்காதேன்னா? ஏய் ஊமச்சி, இங்க வா. கோபமா எறியணும்டி.

— யார் மேல மிஸ் கோபம்?

— என் மேலதான்.

— பயமா இருக்கு மிஸ்.

— சரி, செயலாளர் சார் மேல.

— அது ஒண்ணுதான் குறைச்சல். இங்க பாருங்கம்மா, அனாதைங்களுக்கே பஞ்சமாப் போச்சு. கேட்ல ஒரு குழந்தையை விட்டுட்டுப் போக ஆளில்லை. அடங்காத பிள்ளைங்க வீட்டுக்கு வீடு இருக்கு, பெத்தவங்களே கார்ல கொண்டுவந்து விடுவாங்க. அதான் ‘இளையோர் மனநலச் சிகிச்சை மையம்’னு போர்டை மாத்திட்டேன்.

— போர்டை மாத்துங்க, பெயிண்டை மாத்துங்க. இந்த அஞ்சு பிள்ளைங்களும் இங்கேயே இருக்குமில்ல?

— நோயாளிங்கதான்னு டாக்டர் சொல்லிட்டா இருக்கும். இல்லேன்னா பொண்ணுங்க ஒரு ஊரு, பசங்க ஒரு ஊருன்னு பிரிச்சு அனுப்பிடுவாங்க.

— மிஸ், அப்போ என் தம்பி?

— நீ ஒழுங்கா அட்டகாசம் பண்ணினா உன்கூடத்தான் இருப்பான். எங்கே, இன்னொரு தடவை.

— எறியட்டுமா மிஸ்?

— கேக்காம எறிடி!

— ஐயோ! என் நெத்தி!

— சார், ரத்தம்! அடி சக்கை, இப்போதான்டி கை வந்திருக்கு!

— மன்னிச்சிடுங்க சார். தம்பி இங்கேயே இருப்பானா சார்?

— இருப்பான், இருப்பான். கொஞ்சம் துணி குடும்மா. இரு, டாக்டரே கூப்பிடறார். வணக்கம் சார். எல்லாம் ரெடி சார். அஞ்சும் சரியான அடங்காப்பிடாரிங்க, என் நெத்தியைப் பார்த்தாலே தெரியும்... என்ன சார்?... அப்படியா?... சரிங்க சார். அப்படியே செஞ்சிடறோம்.

— என்னவாம் சார்?

— வைத்தியம் பார்க்க அப்பாவோ அம்மாவோ சம்மதிக்கணுமாம். பெத்தவங்க இல்லாத பிள்ளைங்களை இங்க வெச்சுக்கவே கூடாதாம்.

— சார், இது அனாதை இல்லம்!

— நேத்து வரைக்கும்.