கோழி எடுக்காத வீடு

எங்கள் வீட்டில் கோழி எடுப்பதில்லை சார். முனீஸ்வரனுக்கு வேண்டுதல் என்று மனைவி ருக்மிணியிடம் சொல்லியிருக்கிறேன். பொம்மனஹள்ளியில் கோழிக்கடை, சந்தாபுராவில் சொந்தப் பண்ணை, வீட்டில் மட்டும் ஆட்டுக்கறி. யாருக்கும் இது வித்தியாசமாகப் படவில்லை, டோரதியைத் தவிர.

டோரதி என் கடையில் கறி வெட்டுபவள். நான் கல்லாவில் இருப்பேன். "ஊருக்கெல்லாம் கோழி குடுக்கறீங்க, உங்க வூட்டுக்கு மட்டும் ஏன்ணா ஒரு துண்டுகூட போவல?" என்பாள். வாய் சிரிக்கும், கண் சிரிக்காது. நீங்கள் இப்போது பார்ப்பதுபோலத்தான் பார்ப்பாள். சந்தேகப்படுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

வேண்டுதல் எதுவும் கிடையாது. கோழிகள் குடிக்கும் தண்ணீரில் ஒரு பொடி கலந்து வந்தேன். தடை செய்த மருந்துதான். மனிதர்களுக்கு வேறெதுவும் கேட்காதபோது கடைசியாகக் கொடுப்பது. கோழிக்கு நோய் அண்டாது, எடையும் ஏறும். போன மழைக்காலத்தில் பொடியைக் கூட்டிப் போட்டும் கோழிகள் செத்தன. கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டது என்று அன்றே புரிந்தது. பிழைத்தவற்றைக் கடைக்கு அனுப்பினேன்.

பண்ணைக்குள் போனால் நான் கையுறை போடுவேன். கத்தி பட்ட விரலோடு டோரதியும் கேட்டாள். "ஒரு கிளவுஸ் வாங்கிக் குடுங்கண்ணா, எரியுது." கையுறையைப் பார்த்தால் கோழிக்கு ஏதோ நோய் என்று வாடிக்கையாளர்கள் நினைப்பார்கள். மஞ்சள் வைத்துக் கட்டச் சொன்னேன். அக்கறையோடுதான் சொன்னேன்.

விரல் வீங்கி, கை வீங்கி, காய்ச்சலில் விழுந்தாள். நான்தான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், அதை எழுதிக்கொள்ளுங்கள். பண்ணையில் என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று டாக்டரம்மா என்னிடம் கேட்டார். தெரிந்தால் கேட்காத மருந்தை ஏற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்றார். டோரதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிடுங்கண்ணா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

தீவனமும் தண்ணீரும்தான் என்றேன்.

பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க முடியாமல் ஒரு மருந்தை ஏற்றினார்கள். பாட்டிலில் பெயரைப் படித்தேன். என் பொடியின் பெயர். அது சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அது கேட்காது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லியிருந்தால் பண்ணையை மூடியிருப்பார்கள். முடிவு வந்து மருந்தை மாற்றியபோது அவளுக்கு நினைவு தப்பியிருந்தது. மறுநாள் இறந்துவிட்டாள்.

அடக்கத்துக்குப் போய் ஒரு பிடி மண்ணும் போட்டேன். டோரதி வீட்டில் அடுப்பு எரியவில்லை, கடையிலிருந்து ஒரு கோழி கொண்டுவாருங்கள், குழம்பு வைத்துக் கொடுத்தனுப்பலாம் என்றாள் ருக்மிணி. நம் அடுப்பில் கோழி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டேன். முனீஸ்வரனுக்குக் கொடுத்த வாக்கு சார், அதை மீறுகிற ஆள் இல்லை நான்.