சம்பந்தியின் பனியன்

முயல் சத்தம் போடாது, டாக்டர். அதனால்தான் வளர்க்கிறேன். நாய் காரணமில்லாமல் குரைக்கும். கிளி சொன்னதையே சொல்லும். மனிதர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். முயல் இலையைத் தின்றுவிட்டு மூக்கை மட்டும் ஆட்டும். உட்காருங்கள். கையுறையைக் கழற்ற வேண்டாம், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். உள்ளே உங்கள் மேஜையில் படுத்திருக்கிறாரே என் மகளின் மாமனார், அவர் முதுகைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மயக்க ஊசிக்கு முன்னால் சொன்னால்தான் உபயோகம்.

நான் படித்தவனில்லை. லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றும் பட்டறை வைத்திருந்தேன். பாரம் எங்கே இறங்குகிறது, எந்தப் பட்டையை எடுத்தால் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்பது மட்டும் தெரியும். வயதானதும் பட்டறையை விட்டுவிட்டு, வீட்டுத் தோட்டத்தில் கூண்டு கட்டி முயல் வளர்க்கிறேன். தோட்டம் முடிகிற இடத்தில் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் புதர்க்காடு. அதில் ஒரு நரி இருக்கிறது.

முதலில் மேஸ்திரி போனான். பழுப்பு நிறக் கடா முயல். மற்றதெல்லாம் தின்னும்போது தான் தின்னாமல் சுற்றிச் சுற்றி வந்து மேற்பார்வை பார்ப்பான். ஒரு காலையில் அவன் காது மட்டும் கிடந்தது. நான் அழவில்லை. கம்பிவலை வாங்கி வந்தேன்.

நரி வலைக்கு அடியில் தோண்டியது. கல் பதித்தேன். கல்லுக்குப் பக்கத்தில் தோண்டியது. என் பழைய சட்டையை ஒரு கம்பத்துக்கு மாட்டி ஆள் மாதிரி நிறுத்தினேன். அதன் காலில் மூத்திரம் பெய்துவிட்டுப் போனது. ரேடியோவைப் பாட விட்டு வைத்தேன். விடிந்து போய்ப் பார்த்தால், வேலிக்கு வெளியே முன்னங்காலை நீட்டி உட்கார்ந்து அது விவசாயச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தது.

"நரிக்குச் செய்தி வாசிக்க ஆள் வெச்சிருக்கீங்க. அப்படியே ஒரு காபியும் குடுத்துருங்க" என்றாள் என் மனைவி.

அந்த நேரத்தில்தான் சம்பந்தி வந்தார். அவர் வீட்டில் தரைக்கு ஓடு பதிக்கிறார்களாம். ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்றார். பேங்க் மேனேஜராக இருந்தவர். பேருந்தில் வந்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. கூடவே ஒரு தைலம் கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறந்தால் பக்கத்து அறையில் இருப்பவனுக்குக் கண்ணில் தண்ணீர் வரும். அதைப் பூசிக்கொண்டு படுத்து, காலையில் பனியனைக் கழற்றி வேலியில் போட்டார்.

அன்றைக்கு நரி வந்தது. பனியன் வரைக்கும் வந்து, மோந்து பார்த்து, மூன்று தும்மல் போட்டுவிட்டு வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. என் கண்ணால் பார்த்தேன்.

நான் எதையும் சும்மா நம்புகிறவன் இல்லை. அதே தைலத்தை வாங்கி வந்து வேலிக் கம்பங்களில் பூசிப் பார்த்தேன். நரி நக்கியது. என் பனியனில் பூசிப் பார்த்தேன். அதை இழுத்துப் போட்டு அதன் மேலேயே படுத்துக்கொண்டது. அப்போதுதான் புரிந்தது. தைலம் மட்டும் போதாது. அந்த மனிதருடைய வியர்வையில் அது ஊற வேண்டும். பேங்கில் அத்தனை வருடம் உட்கார்ந்து உட்கார்ந்து ஊறிய வியர்வை. அது வேறு எங்கே கிடைக்கும்?

வாரம் முடிவதற்குள் அவருக்கு முதுகு சரியாகிவிட்டது. குளித்து, தலை வாரி, பெட்டியை மூடி வைத்துவிட்டு, "நாளைக்குக் கெளம்பறேன் சம்பந்தி. உங்க வீட்டுத் தண்ணியே மருந்து" என்றார். வேலியைப் பார்த்தேன். கூண்டைப் பார்த்தேன். முயல்கள் மூக்கை ஆட்டிக்கொண்டிருந்தன.

அவர் படுக்கிற கட்டிலில் மெத்தைக்கு அடியில் குறுக்குச் சட்டங்கள் உண்டு. நடுச் சட்டம் ஒன்றை எடுத்தேன். ஒன்றே ஒன்றுதான். லாரியாக இருந்தால் டிரைவருக்குக்கூடத் தெரியாது.

காலையில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. நானே தைலம் தேய்த்துவிட்டேன். தாராளமாகவே தேய்த்தேன்.

"சம்பந்தி, எங்கூடப் பொறந்தவன்கூட இப்படிப் பாத்ததில்ல" என்று கண் கலங்கினார்.

"பேசாமப் படுங்க. பேசினா பிடிப்பு ஏறும்" என்றேன்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவர் தேறும்போதெல்லாம் ஒரு சட்டம் எடுப்பேன். எடுத்த சட்டங்களை வீணாக்கவில்லை. முயல் கூண்டுக்குக் கூரையாக அடித்தேன். என் மனைவி கூண்டுக்கு முன்னால் நின்று, "இந்தக் கட்டைய எங்கயோ பாத்த மாதிரி இருக்கே" என்றாள். கட்டை என்றால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் என்றேன்.

மாமனாரைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருந்த மகளுக்குத்தான் சந்தேகம் வந்தது.

"அப்பா, மாமாவோட பனியனெல்லாம் எங்க போகுது? ஒண்ணுகூட துவைக்க வரமாட்டேங்குது."

"வெயில்ல காயுது."

"துவைக்காமலா?"

"மேனேஜரா இருந்தவரும்மா. அழுக்கே ஆகாது."

யாரோ அவரைத் தரையில் படுக்கச் சொல்லிவிட்டார்கள். படித்தவர்களுக்கு இதே வேலை. தரையில் எறும்பு வரும் என்று எச்சரித்தேன். வரவில்லை. அதனால் கொஞ்சம் சர்க்கரை தூவ வேண்டியிருந்தது. இரண்டே நாளில் கட்டிலுக்குத் திரும்பிவிட்டார். கைத்தடி வாங்கிக்கொண்டார். அதன் அடியில் ஒரு விரல் அகலம் அறுத்தேன். சாய்ந்து நடந்தால் பிடிப்பு விடாது. அந்தத் தடியை ஊன்றிக்கொண்டு அவரே தோட்டத்துக்கு வந்து முயல்களுக்கு முட்டைக்கோஸ் இலை கொடுப்பார். கருப்பி என்று ஒரு பெட்டை முயல், அவர் விரலை நக்கும். "எனக்கு மட்டும் சரியாகட்டும், இதுல ஒண்ண நான் எடுத்துட்டுப் போவேன்" என்பார். எவ்வளவு நல்ல மனிதர் பாருங்கள். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

பிறகுதான் அவரை உங்களிடம் கூட்டி வந்தார்கள். நீங்கள் படம் எடுத்தீர்கள். படத்தில் ஒன்றும் தெரியவில்லை, அறுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றீர்கள். தெரியாது, டாக்டர். அந்த முதுகில் ஒன்றும் இல்லை. ஒன்றும் தெரியாததற்கெல்லாம் என் பட்டறையில் நான் எஞ்சினைப் பிரித்திருந்தால் என்னை அடித்திருப்பார்கள். அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் ஆபரேஷனுக்கு நாள் இருந்தது, வீட்டில் பனியனும் இருந்தது.

நீங்கள் அவரை இங்கே சேர்த்துக்கொண்டீர்கள். தினம் சோப்புப் போட்டுத் துடைக்கிறார்கள். தைலம் கூடாது என்று உங்கள் நர்ஸம்மா பாட்டிலைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். பின்னால் முடிச்சுப் போடுகிற ஒரு அங்கியை மாட்டிவிட்டிருக்கிறார்கள்; அதில் ஒரு வாசனையும் ஏறவில்லை, நான் மோந்து பார்த்தேன். வேலியில் கிடக்கிற பனியன்களோ மழையில் நனைந்து வெறும் துணியாகிவிட்டன.

மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா, டாக்டர். நேற்று விடிகாலையில் கருப்பியின் ரோமம் வேலிக் கம்பியில் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். அந்த நிமிஷத்திலிருந்து அது என்னைக் குத்த ஆரம்பித்துவிட்டது. ஒரு குற்றமும் செய்யாத மனிதரை, நல்ல முதுகோடு, கத்திக்கு அடியில் படுக்க விடுவதா? தின்னவே முடியவில்லை. மிச்சம் இருக்கிற இரண்டும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, அவையும் தின்னவில்லை. இன்றைக்கு முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன்.

ஆமாம், சட்டங்களை எடுத்தது நான். சர்க்கரை தூவியது நான். தடியை அறுத்ததும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கைநாட்டு வைக்கிறேன். அவரை எழுப்பி, சட்டையைப் போட்டுவிட்டு, இன்றைக்கே என்னோடு அனுப்புங்கள். காலையும் மாலையும் தைலம் போட வேண்டும், அதிகம் குளிக்கக் கூடாது என்று மட்டும் உங்கள் கையால் சீட்டு எழுதிக் கொடுங்கள். நீங்கள் எழுதினால் அவர் தட்ட மாட்டார். வலி குறைந்துவிட்டால் தைலம் எதற்கு என்று கேட்பார் என்கிறீர்களா? அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம், டாக்டர். கட்டிலை நான் பார்த்துக்கொள்கிறேன்.