ஆற்றைத் தாண்ட ஒரு கடல்

– சாப்பிட்டியாடா?

– அக்கா, லைன் சரியா இருக்கான்னு பாக்குற சாக்குல தெனமும் ரெண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆப்பரேட்டரும் பேசிக்கிறோம். ஆத்துக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். நம்ம பேச்சு கடல் தாண்டிப் போயி, பழைய தொரைங்க ஊருல ஏறி எறங்கி, மறுபடி கடல் தாண்டி வருது. அவ்வளவு தூரம் அனுப்பி நீ கேக்குறது இதா?

– ஆமா பின்ன. மத்ததெல்லாம் பேப்பர்ல வருது. நீ சாப்பிட்டது வருதா?

– இன்னும் சாப்பிடல. எறங்க மாட்டேங்குது.

– ஏன்டா, குரலே சரியில்ல?

– இன்னிக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்கு இந்த லைன மூடச் சொல்லி ஆர்டர். சுதந்திரம் வாங்கிப் பதினோரு வருஷமாச்சு, இன்னும் நம்மள ஆண்டவங்க ஊர் வழியாவா பேசுறதுன்னு எங்க மந்திரிக்கு ரோஷம் வந்திருச்சு.

– நியாயமான ரோஷம்தானே. அப்ப நேரா லைன் போட்டாச்சா?

– எங்க போட்டாங்க? ஆத்து நடுவுல நடுற கம்பம் எந்த நாட்டுக் கம்பம்னு ரெண்டு சர்க்காரும் நாலு வருஷமா பேசுறாங்க.

– எதுல பேசுறாங்க?

– இதே லைன்லதான். நான்தானே கனெக்‌ஷன் குடுக்கறேன்.

– நல்லாருக்குடா கூத்து. அப்ப இனிமே அவங்களும் பேச முடியாது.

– நாமளும் பேச முடியாது.

– படகையும் நிறுத்திட்டாங்க. நான் கல்யாணமாகி வந்தப்ப ரெண்டு கரையும் ஒரே நாடு. இந்தா இருக்கிற அக்கரைக்குத்தானே போறான்னு அம்மா அழக்கூட இல்ல.

– அழுதிருக்கலாம்.

– ம்.

– எங்க கரும்பும் நம்ம பேச்சு மாதிரித்தான்க்கா. கப்பலேறி அவங்க ஊருக்குப் போயி, சர்க்கரைப் பொட்டலமா உன் தெருக் கடைக்கு வருது. நீ குடுக்கற வெலைக்கு இங்க ஒரு வண்டிக் கரும்பு வாங்கலாம்.

– கரும்ப விடு. உன் ஜன்னல்ல இருந்து என் ஆபீஸ் மாடி தெரியும்னு சொல்லுவியே. நான் போயி நிக்கிறேன், கையாட்டு.

– ஹெட்போன் வயர் ஜன்னல் வரைக்கும் எட்டாது. பாக்கணும்னா பேச்ச விடணும்.

– அப்ப வேணாம். பேசு. உங்க மாமா போனதுக்கப்புறம் எனக்கு இந்தக் குரல் ஒண்ணுதாண்டா.

– எனக்கு மட்டும் யாரு இருக்கா? இந்த போர்டு இருக்கு. அதுலயும் உன் லைன் சொருகுற ஓட்டைய அடைக்க மரக்கட்டை குடுத்திருக்காங்க. கையிலதான் வச்சிருக்கேன்.

– ஒரு காலுக்கு மூணு நிமிஷம்தானே, தாண்டிருச்சே. தொரைங்க ஊருல நடுவுல இருக்கிற அந்த நடு ஊர் ஆப்பரேட்டரம்மா இன்னும் வெட்டலயா?

– மத்தவங்க பேசுனா டாண்ணு வெட்டிருவாங்க. நம்மள மட்டும் பதினோரு வருஷத்துல ஒரு நாள்கூட வெட்டுனதில்ல.

– தூங்கிருவாங்களோ என்னவோ.

– இருக்கும். லைன்ல எப்பவும் ஒரு மூச்சு சத்தம் கேக்கும். அக்கா, மணியாச்சு. நீ வை.

– நான் மாட்டேன். நீ வை.

– வைக்காதீங்க.

– யாரது?

– நடு ஊர் ஆப்பரேட்டர். நான் தூங்கல அக்கா.

– தொரைங்க ஊருக்காரி உனக்கு எங்க பாஷை எப்படிம்மா தெரியும்?

– ஆமா பின்ன. பதினோரு வருஷமா தெனமும் கேக்கறேனே. இந்த ரூம்ல என்கூடப் பேச யாரும் இல்ல. தம்பி கட்டைய அடைக்கறதுக்கு முன்னாடி, என்னையும் ஒரு தடவ சாப்பிட்டியான்னு கேளுங்க அக்கா.