ஒரு கோப்பை காபிக்குக் கணக்கு

"ஹலோ… ம், கேக்குது, சொல்லு வஸ்ஃபி… விலையா? பத்தொன்பது வயசுப் பையன் உயிருக்கு விலை ஒரு கோப்பை காபிய்யா. அந்தக் காபியும் அவங்க வீட்டுக் காபி. இதுக்கு மேல உனக்கு என்ன தள்ளுபடி வேணும்?… இரு, இரு. கூடாரத்துக்குள்ள இருக்கேன். எந்திரிச்சு வெளிய வரேன்."

மித்கால் பேக் எழுந்தார். நாடாளுமன்ற உறுப்பினர், அங்கே நன்னடத்தைக் குழுவின் தலைவர், இன்று இந்தத் துக்க வீட்டுக்கு வந்திருக்கும் சமாதானத் தூதுக்கும் தலைவர். மூன்று தலைமைக்கும் சேர்த்து ஒரே கறுப்பு அங்கி, தங்கச் சரிகை போட்டது. கராக்கிலிருந்து அவர் கூட்டிவந்த அறுபது பெரிய மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, இறந்த பையனின் தகப்பன் அபூ ரகான் எல்லார் முன்னாலும் காபி வைத்து முடித்திருந்தார். மித்கால் தன் கோப்பையை வாங்கிக் கீழே வைப்பதற்குள் போன் அடித்துவிட்டது. போன் இடது கையில், கோப்பை வலது கையில், இரண்டோடும் நடந்தார்.

"… மன்னிக்கணும் அபூ ரகான், தலைநகர் அம்மான்ல இருந்து அவசரப் போன், அமைச்சர் வீடு. ரெண்டே நிமிஷம்… உங்க துக்கத்துல பாதி என்னோடது, தெரியும்ல? தோ, வந்து பேசறேன்."

கூடாரத்தின் பின்பக்கம் ஒரு ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. அதன் அருகே போய் நின்றதும் குரல் வேறு குரலானது.

"ம், இப்பச் சொல்லு… இல்ல… இல்லவே இல்ல. எனக்கு நாப்பதாயிரம் தினார்னு பேசினோம், நாப்பதுதான்… இருபத்தஞ்சா? ஏன்யா, செத்தவன் பாதிதான் செத்தானா?"

"… ஆமா… ஆமா, டிரைவர் ஜெயில்ல இருக்கான், தெரியும். டிரைவரைப் பத்தி யாருக்குய்யா கவலை? இவங்க புகாரை வாபஸ் வாங்கலேன்னா கோர்ட்டு உன் சிமெண்டு லாரியோட பிரேக்கைப் பாக்கும். ஒண்ணைப் பாத்தா பதினாறையும் பாக்கும். பிரேக்கை மாத்தாமலே மாத்துனதா ரசீது மட்டும் போட்டு வச்சிருக்கியே, அதையும் பாக்கும்… மிரட்டறேனா? சேச்சே. சரக்கோட தரத்தைச் சொல்றேன்."

"… அவங்க ஒத்துக்கலேன்னாவா? நீ கண்ணாடி மாளிகையில வளந்தவன், உனக்கு எங்கே புரியப் போகுது. கேளு. காபி வச்சாச்சு. ஒருத்தனும் தொட மாட்டான். நான் எந்திரிச்சு, அல்லாஹ் பேரால இந்த ரத்தத்தை மன்னிச்சு விடுங்கன்னு கேப்பேன். கேட்டது கிடைக்காம இந்தக் காபியைத் தொட மாட்டோம்பேன். வாசலுக்கு வந்த அறுபது தாடியைக் காபி குடிக்காம திருப்பி அனுப்பிட்டு அந்த ஆளு ஊருக்குள்ள தலை நிமிர முடியுமா? 'உங்க காரியம் முடிஞ்சது, குடிங்க'ம்பாரு. குடிச்சா தீர்ந்தது. வழக்கும் செத்துச்சு… ஆமா, குடிச்ச பிறகு கொடுத்தவன் மறுக்கக் கூடாது, வந்தவன் வேற எதுவும் கேக்கக் கூடாது. உங்க கம்பெனி ஒப்பந்தத்தைவிடக் கறாரு."

"… மசோதாவா? நாளைக்குக் காலையில. நானேதான் தாக்கல் பண்றேன். பேச்சைக் கேளேன்: 'மக்கள் பிரதிநிதி ஒரு கோப்பை காபி குடித்தாலும் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும்!' எப்படி? நேத்து டிவியில எடுத்து விட்டேன், பேட்டி எடுத்த பொண்ணுக்குக் கண்ணே கலங்கிடுச்சு… அட, பயப்படாதே. ஏழாவது பிரிவைப் படி. 'குலவழக்கப்படி வரும் அன்பளிப்பு கணக்கில் சேராது.' நீ கொடுக்கப் போறது என்ன? குலவழக்கம். அந்தப் பிரிவை எழுதினது உன் ஆபீஸ் வக்கீல்தானே, மறந்துட்டியா?… ஆமா, அந்த வாத்தியாரு உறுப்பினரை அவையில இருந்து தூக்கினேன்தான். ஒரு கம்பெனிக்கிட்ட ஏசி வாங்கியிருந்தான். குலவழக்கத்துல ஏசி கிடையாதே!… என்ன சொன்னே? பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழனா? தோழனா இருக்கறதாலதான்யா பூனை எவ்வளவு குடிக்கும்னு எனக்குத் தெரியுது."

உள்ளே யாரோ இருமினார்கள். அறுபது பேர் காத்திருந்தார்கள். மித்கால் அவசரப்படவில்லை. அவசரப்படுகிறவன் விலை குறையும் என்பது அவருக்குத் தெரியும்.

"… பையனா? ரகான். மூத்தவன், அவன் பேராலதான் தகப்பனை அபூ ரகான்னு கூப்பிடறது… காலேஜ் பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தானாம்… என்னத்தப் பாவம்? ரெண்டடி தள்ளி நின்னிருக்கலாம்ல… ஆமா, தகப்பன்தான் காபி ஊத்தினாரு, தன் கையாலயே. கை நடுங்குது. என் அங்கியில ரெண்டு சொட்டு சிந்திட்டாரு, சலவைக் காசையும் உன் கணக்குல எழுதறேன்… நடுங்கினா நமக்கு நல்லதுதான்யா. நடுங்கற கைதான் சட்டுனு கொடுக்கும்."

"… முப்பதா?… முப்பத்தஞ்சு? வஸ்ஃபி, நான் உள்ள போய் ஆண்டவன் பேரைச் சொல்லணும். ஆண்டவன் பேருக்கே அஞ்சாயிரம் குறைக்கறியா?… சரி விடு. காரை எடுக்கச் சொல்றேன். காபி ஆறிட்டிருக்கு. நீயே வந்து கேளு. உன் கண்ணாடி மாளிகை முகத்தைப் பாத்து மன்னிக்கறாங்களான்னு பாப்போம்… ஆங்… ம்… வாயால சொல்லு, நாப்பது… அப்புறம் என் மச்சானுக்குக் குவாரி ரோட்டு வேலை… ரெண்டும்தான்… ஆமா… ஆமா ஆமா… இன்னிக்கே?… அப்ப முடிஞ்சது. கை கொடுத்த மாதிரிதான். காரியம் முடிஞ்சது வஸ்ஃபி!"

காரியம் முடிந்தால் காபியைக் குடிப்பது அந்தக் கைக்கு ஐம்பது வருடப் பழக்கம். எந்தக் காரியம், யாரிடம் கேட்ட காரியம் என்றெல்லாம் கை விசாரிக்கவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது, கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனது. இரண்டே மிடறு. ஏலக்காய் தூக்கலாக இருந்தது, நல்ல காபி. போதும் என்பதற்கு அடையாளமாகக் கோப்பையை இரண்டு தரம் ஆட்டி, பழக்கம் மாறாமல் பக்கவாட்டில் நீட்டவும் செய்தார்.

நீட்டிய கோப்பையை ஒரு கை வாங்கிக்கொண்டது. அந்தக் கை நடுங்கவில்லை.

"… அபூ ரகான்! நீங்களா… எப்ப வந்தீங்க?… இல்ல, இது வந்து… தொண்டை. ஜெனரேட்டர் புகை… குடிக்கல, நனைச்சேன், அவ்வளவுதான்… முடிஞ்சதா? என்ன முடிஞ்சது? நான் இன்னும் கேக்கவே இல்லையே!… ஐயோ, அது போன்ல சொன்ன 'முடிஞ்சது', அபூ ரகான். வேற விஷயம்… கூஜா கையிலதானே இருக்கு? இன்னொண்ணு ஊத்துங்க, அதைத் தொடாம வச்சுக்கிட்டு முறையாக் கேக்கறேன்… ஏன் கூடாது?… டிவியிலயா? ஒரு கோப்பைக்கும் கணக்குன்னு நான் சொன்னதா? அது… அது நாட்டுக்குச் சொன்னதுங்க, இது வீட்டு விஷயம்… உள்ள போகாதீங்க. ஒரு நிமிஷம். பெரியவங்க முன்னால என் மானம்… அபூ ரகான், உங்க ரகான் மேல ஆணையா சொல்றேன்—"

அந்தப் பெயரைக் கேட்டதும் தகப்பன் ஒரு தரம் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. காலிக் கோப்பையோடு உள்ளே போனார். அவர் குரல் உயரவில்லை. உயரத் தேவையும் இல்லை. தூதின் தலைவர் குடித்துவிட்டால் அவருடைய தேவை தீர்ந்தது என்று பொருள். கூட வந்தவர்கள் குடிக்க வேண்டியதுதான், கேட்க எதுவும் இல்லை. பிறகு துணிச் சுவருக்கு அந்தப் பக்கம், ஒன்று, இரண்டு என்று தொடங்கி, எல்லாக் கோப்பைகளும் எழுந்தன.

"… ஹலோ… இருக்கேன், இருக்கேன்… இல்ல. கேக்கல… இனிமே கேக்க முடியாது… ஏன்னா குடிச்சுட்டேன்யா!… காபியை!… வேற யாரு, நான்தான்… சிரிக்காதே… அழறியா சிரிக்கறியா, ஒண்ணைச் செய்… ஆமா, கோர்ட்டுதான். பதினாறும்தான்… வேற தூதா? நான் வந்தே காரியம் ஆகாத வாசல்ல வேற எவன் ஏறுவான்? இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள கராக் பூரா தெரிஞ்சிடும்… வஸ்ஃபி, கேளு, நாப்பது வேண்டாம். பாதி கொடு… சரி, கூட்டிட்டு வந்த காருக்குப் பெட்ரோல் காசாவது… அப்ப மச்சானுக்கு?… ஹலோ?… ஹலோ? வஸ்ஃபி?"

லைன் போய்விட்டது. மித்கால் பேக் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். இறக்கினால் உள்ளே போக வேண்டும்.

நாளை அவர் அவையில் கேட்கப்போகும் கணக்கு இங்கே இன்றே எழுதி முடிந்திருந்தது. உள்ளே குடித்தது அறுபது கோப்பை, வெளியே குடித்தது ஒன்று, அறுபத்தொன்றும் காலி. கொடுத்தவர் அபூ ரகான். எதிரே வரவு எதுவும் இல்லை.

ரகான், வயது பத்தொன்பது: பாக்கி.