வளையல் குலுங்க ஒரு சேதி

தலைமை ஏற்று, ஏற்ற கையோடு இரண்டு கொட்டாவியும் விட்டிருக்கும் எங்கள் பெரியப்பா கனகராஜ் அவர்களே! தங்காக் ஊரிலிருந்து பட்டும் பலகாரமுமாய் வந்திறங்கிய பெரியோர்களே! மைக்கைப் பிடிக்க முடியாதபடி என் கைநிறைய வளையல் ஏற்றிவிட்ட தாய்மார்களே! இந்தக் குளுவாங் ஊர் மண்டபமே குலுங்கச் சிரிக்கும் தோழியரே! பிரேமலாவின் வணக்கம், வயிற்றுக்குள் இருப்பவரின் வணக்கமும் சேர்த்து!

வளைகாப்புக்காரி வாயை மூடி உட்கார வேண்டாமா என்கிறீர்களா? தமிழ்ப்பள்ளி ஆசிரியையிடம் மைக்கைக் கொடுத்தது யார் குற்றம்?

என்ன வேலு மாமா? "ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையாம்மா?" என்றா கேட்கிறீர்கள்? அதைச் சொல்ல வேண்டாமென்று நானும் என் கணவர் லோகேஸ்வரனும் டாக்டரிடம் சொல்லிவிட்டோம். அவர் வேறொன்று சொன்னார். முதலில் இரத்தச் சோதனை, பிறகு வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்து ஒரு சோதனை. பிள்ளைக்கு டவுன் சின்ட்ரோம்; வளர்ச்சியும் படிப்பும் மெதுவாக வரும் பிறவி நிலை. உறுதியாகிவிட்டது.

என்ன பெரியப்பா, கொட்டாவி பாதியில் நின்றுவிட்டதா?

"என்ன செய்யப் போறீங்க?" என்றார் டாக்டர். கேட்பது அவர் கடமை. காருக்குள் உட்கார்ந்து இருவரும் அழுதோம். "பெத்துக்கலாமா?" என்றார் இவர். "பெத்துக்கலாம்" என்றேன். முடிவு எங்களுடையது! வேறு முடிவெடுக்கும் பெண்ணும் எனக்குத் தங்கை போலத்தான்; அவளைத் தூற்ற எவருக்கு உரிமை? சோதனை சேதி சொல்லலாம், தீர்ப்புச் சொல்லலாமா? ஊர் சொல்லலாமா? உறவு சொல்லலாமா? சுமப்பவள் அல்லவா சொல்ல வேண்டும்!

நேற்று என் மாமியார், கஸ்தூரி அத்தை, கையைப் பிடித்துக்கொண்டார். "சபையில சொல்லாதம்மா, 'ஐயோ பாவம்'னு பேசுவாங்க. பொறக்கட்டும், பாத்துக்கலாம்." அத்தை, மன்னியுங்கள். மறைத்து வைக்க இதென்ன களவுப் பொருளா? உதைக்கிறது, உருள்கிறது, நாதஸ்வரம் கேட்டால் துள்ளிக் குதிக்கிறது! பயம் இருக்கிறது எனக்கு. ஆனால் மகிழ்ச்சி தாங்க முடியவில்லை! சொல்லுங்கள் உறவுகளே: என் பிள்ளையைக் கொஞ்ச வருவீர்களா, பரிதாபப்பட வருவீர்களா? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

அடடா, அத்தை எழுந்துவிட்டார்... மேடைக்கே வருகிறார்... இந்தாங்க அத்தை, மைக்!

"எல்லாரும் நல்லா கேட்டுக்குங்க! என் பேரப்புள்ளைய யாராச்சும் 'பாவம்'னு சொன்னீங்க, பாயசம் கிடையாது லா!"

கேட்டீர்களா கைதட்டலை! இதற்கு மேல் நான் என்ன பேச? வந்தவர்களுக்கு நன்றி, தட்டிய கைகளுக்கு இரட்டை நன்றி, என் அத்தைக்கு ஆயுள் முழுதும் நன்றி. பந்தி தயார். வாழ்த்திவிட்டு வரிசையில் வாருங்கள். வணக்கம்!