வெயில் தின்னாத முகம்

வீட்டிலேயே போட்டோ அச்சிடுபவர்கள் பெரும்பாலும் மையில்தான் சறுக்குகிறார்கள். சாய மை கண்ணைப் பறிக்கும். சன்னலோரம் மாட்டினால் இரண்டே கோடையில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் மஞ்சள் காமாலை வந்துவிடும். நிறமி மை அவ்வளவு மினுக்காது, ஆனால் நிற்கும். இன்ஸ்பெக்டர் ஓனுகி, இதையும் எழுதிக்கொள்ளுங்கள், உங்களுக்கே உதவும்.

ஓய்வு பெற்றபின் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் ஒரு சோதனை. ஒரே படத்தைப் பல மைகளில் அச்சிட்டு, பாதியைக் கறுப்புத்தாளால் மூடி, தெற்குச் சன்னலில் ஒட்டி, வருடக்கணக்கில் வெயிலில் காட்டினேன். என் மனைவி சிகாகேக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு.

"ஏங்க, படம் நூறு வருஷம் இருக்குமாமே. பார்க்க யாரு இருப்பா, நீங்களா?"

ஆண்டுக் கடைசியில் ஊரே வீட்டைத் தேய்த்துக் கழுவும் அல்லவா? அவள் சன்னலையும் தேய்த்தாள்.

"அந்த அழுக்குத் தாளா? குப்பையில போட்டாச்சு. உங்களையும் போட்டிருப்பேன், எரியிற குப்பையா எரியாத குப்பையான்னுதான் தெரியல."

நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்குக் கோபமே வராது; அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

பனி உருகியதும் எங்கள் ஆகிதாப் பக்கத்தில் எல்லோரும் மலைக்கீரை பறிக்கக் கிளம்பிவிடுவோம். அதன் பக்கத்திலேயே, அதே மாதிரி இலையோடு விஷச்செடியும் முளைக்கும். வருடா வருடம் யாராவது தவறிப்போய்ப் பறித்துத் தின்று சாவார்கள். பத்திரிகைகள் தவறாமல் வருத்தப்படும். இத்தனை வருடத்தில் நான் தவறியதே இல்லை. அன்றும் தவறவில்லை.

அன்றைய கீரையைச் சாப்பிட்ட சிகாகே மத்தியானம் போய்ச் சேர்ந்தாள். சாயங்காலமே அவள் படத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினேன். அழுதுகொண்டே அப்போதுதான் அச்சிட்டதாக எல்லோரிடமும் சொன்னேன். நம்பினார்கள், பாவம். ஏழாம் நாள் ஊதுபத்தி ஏற்ற வந்த நீங்கள் மட்டும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஈரம் காயாத பிரிண்டை உள்ள அடைச்சா கண்ணாடி மங்கிடுமே சார். எங்க வீட்டுலயும் பிரிண்டர் இருக்கு. இது துளிகூட மங்கலையே?"

எப்படி மங்கும்? முந்தின நாளே அச்சிட்டு, பகலும் இரவும் உலர விட்டிருந்தேன். அவசரப்பட்டு அடைப்பது அரைகுறைகள் செய்யும் வேலை. படம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் கீரை பறிக்கவே போனேன்.

நான்தான் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வெறுப்பில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வெறுத்திருந்தால் சாய மையில் அச்சிட்டிருப்பேன்.