தட்டாத வரிசை

கோழி கூப்பிட இன்னும் நேரம் இருக்கு. ஊரே அடங்கிக் கிடக்கு... சாணார்பட்டி தாண்டி மல்லிகைத் தோட்டத்துக்குப் போற மண்ரோடு. ஒரு லைட்டு கிடையாது. அதுல தனியா நடந்து போறா மணிமேகலை. யாருன்னு கேக்குறீங்களா? நம்ம சிவபிரகாஷோட சொந்த அத்தை. அத்தை அவன்கிட்ட மட்டும் சொல்லி அழுததாம், அவன் சத்தியம் பண்ணிச் சொன்னது இது. ஏலே, செல்லை அணைச்சிட்டு நெருங்கி உக்காருங்க.

மொட்டு விரியுறதுக்குள்ள பறிக்கணும், அதான் அந்த நேரத்துல போறது. ரெண்டு ரெண்டு பேராப் போவாங்க. முன்னால போறவ செடியோட தூர்ல கம்பால தட்டிக்கிட்டே போவா. பூச்சி கிடந்தா ஓடிரும்... ராத்திரியில அது பேரைச் சொல்லக்கூடாது, பூச்சின்னே வச்சுக்கங்க. பின்னால வர்றவ முன்னால போறவளை நம்பித்தான் செடிக்குள்ள கையை விடுவா.

மணிமேகலைக்குப் பின்னால எப்பவும் பொன்னழகுதான் வருவா. போன சித்திரையில ஒரு நாள்... கடைசி வரிசை. மணிமேகலைக்குக் கையில கம்பு, கண்ணு செல்லுல.

"தட்டியாச்சா புள்ள?"ன்னு கேட்டா பொன்னழகு.

தலையைத் தூக்காமலே, "தட்டிட்டேன்க்கா"ன்னுட்டா.

அம்புட்டுத்தான். கையை விட்ட பொன்னழகைப் பூச்சி தொட்டுருச்சு. ஆஸ்பத்திரி வாசல்லயே உயிர் போயிருச்சு.

"நான் தட்டுனேனே, எங்கிட்டு இருந்து வந்துச்சோ"ன்னு மார்ல அடிச்சுக்கிட்டு அழுதா மணிமேகலை. எல்லாரும் நம்புனாங்க. பொன்னழகு மகளே இவ மடியில விழுந்து, "எங்கம்மாவத் தூக்கிட்டு ஓடுனது நீதானே சித்தி"ன்னு அழுதா. அந்தச் சொல்லுதான் இவளை அறுத்துச்சு. சோறு இறங்கல. உண்மையைச் சொல்லவும் வாய் வரல.

காரியமெல்லாம் முடிஞ்சு, முதல்ல சொன்னேனே, அந்த ராத்திரிதான் மறுபடி தோட்டத்துக்கு வாரா. சோடி சேர ஆள் இல்ல. வரிசைக்குள்ள கால் வச்சதும் நெத்தியில கட்டியிருந்த லைட்டு அணைஞ்சு போச்சு. காத்து இல்ல. மல்லிகை வாசத்தோட... ஆஸ்பத்திரி டெட்டால் வாடை. அப்ப முன்னால கேட்டுச்சு. டக்... டக்... டக்... தூர்ல கம்பு தட்டுற சத்தம்.

"யாரு?"

சத்தம் நின்னுச்சு. மெதுவா, ரொம்பப் பாசமா ஒரு குரல்.

"தட்டிட்டேன் புள்ள... கையை விடு."

ஓடியிருக்கலாம். ஓடல. "நான் தட்டலக்கா... பொய் சொல்லிட்டேன்க்கா"ன்னு அழுதுக்கிட்டே, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, வலது கையைச் செடிக்குள்ள விட்டா.

எதுவும் கடிக்கல. சில்லுன்னு அஞ்சு விரல் வந்து அவ விரலோட கோத்துக்கிச்சு.

விடிஞ்சு அந்தப் பக்கமா வந்தவங்க, வரப்புல மயங்கிக் கிடந்தவளை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தாங்க. உடம்புல ஒரு கீறல் இல்ல. சரி, அதுக்கப்புறமாவது பொன்னழகு மகக்கிட்ட உண்மையைச் சொன்னாளா? இல்ல. நாளைக்குச் சொல்லுவோம்னு இன்னும் தள்ளிக்கிட்டே இருக்கா.

போன வாரம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரோட்டைக் கடக்கணும். கூட அவளோட சின்ன மக. பிடிச்சுக்கன்னு வலது கையை நீட்டியிருக்கா. பிள்ளை சுத்திப் போய் இடது கையைப் பிடிச்சுக்கிச்சு.

"ஏண்டி, இந்தக் கைக்கு என்ன?"

"அதைத்தான் பெரியம்மா பிடிச்சிருக்காங்கல்ல."